கச்சான் லெவ்வையின் கடைசிப் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை அத்தியாயத்தை வாசித்துவிட்டு ஜவுபரைத் திட்டிய வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. வாய் வராதவர், அவ்வளவுதான். வாய் வராதவர்கள் செய்கிற சேதம் சில வேளை கெட்டவர்கள் செய்வதைவிடப் பெரியது என்று நீங்கள் சொன்னால் நானும் மறுக்கப் போவதில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜவுபர் ஓவியர். 'மாலுமி மன்சூர்' என்ற படக்கதையை ஒரு வார இதழில் வருடக்கணக்காக வரைந்தவர். ஆனால் கல்முனையில் மன்சூர் யாருக்கு வேண்டும்? சனம் தேடி வாசித்தது மன்சூருக்குப் பின்னால் இழுபட்டுத் திரிந்த கச்சான் லெவ்வையைத்தான். மடியில் எப்போதும் ஒரு கச்சான் சுருள், வறுத்த நிலக்கடலை சுற்றிய கடதாசி. எதைக் கண்டாலும் பயம். நீந்தவும் தெரியாது. ஒவ்வொரு கதையிலும் லெவ்வை தண்ணீருக்குள் விழுவார். மன்சூர் கொலரில் பிடித்துத் தூக்கி எடுப்பார். "கச்சான் நனைஞ்சிட்டே மன்சூர்!" என்று லெவ்வை அழுவார். உயிர் தப்பியதைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டார்.

லெவ்வைக்கு முகம் கொடுத்தவர் ஜவுபரின் மச்சான் முகம்மது தம்பி, அதாவது தங்கை நஸீறாவின் கணவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மச்சான் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கச்சான் உடைப்பார், ஜவுபர் வரைவார். கண்ணால் காணாததை ஜவுபரின் கை வரையாது. அந்தக் கிழமை மச்சான் எதை உடுத்திருந்தாரோ அதுதான் லெவ்வைக்கும் உடுப்பு. முகம்மது தம்பியின் சேட்டில் ஒரு பொத்தான் கழன்றால் அடுத்த கிழமை மட்டக்களப்பு வரைக்கும் தெரிந்துவிடும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

சுனாமி வந்த காலையில் நஸீறாவும் மகள் சரீபாவும் சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்கள். முகம்மது தம்பி மட்டும் கல்முனைக்குடிக் கடற்கரை வீட்டில். வீடும் போயிற்று, அவரும் போனார்.

பிறகு, ஜனாஸாக்களை வரிசையாகக் கிடத்தியிருந்த இடத்தில் ஜவுபர் அவரைக் கண்டார். முகத்தை வைத்து அல்ல. இடது காலில் வளைந்திருந்த சின்னவிரலை வைத்து. எத்தனையோ தடவை வரைந்த கால் அது. அந்த நேரத்திலும் பாழாய்ப்போன கண் உடுப்பைப் பார்த்தது. இடுப்பில் புதுச் சாரன். கரையில் மீன்முள்ளைப் போல ஓடிய கோடு. மற்றவர்களோடு சேர்த்துப் பெரிய குழிக்குள் இறக்கும்போது ஜவுபரும் ஒரு கை கொடுத்தார்.

சம்மாந்துறைக்குப் போனார். காய்ச்சலில் கிடந்த தங்கை, "கண்டீங்களா காக்கா?" என்று கேட்டாள். "காணல்ல" என்றார். காய்ச்சல் விடட்டும், நாளைக்குச் சொல்லுவோம் என்பது எண்ணம். அந்த நாளை இன்னும் வரவில்லை.

விதவைகள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு மறைந்திருக்கிற இத்தாவை நஸீறா இருக்கவில்லை. இறந்தவருக்கு ஓதுகிற கத்தமும் ஓதவில்லை. "மனிசன் உசிரோட இரிக்கக்குள்ள எனக்கு என்னத்துக்கு இத்தா?" என்று ஊர் வாயை அடைத்துவிட்டாள். இப்போது நாட்டில் சண்டை முடிந்து பாதைகள் திறந்துவிட்டன. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்த யார் யாரோ வீடு திரும்பியதாகக் கதைகள் வருகின்றன. அவளுடைய நம்பிக்கைக்கு இது போதாதா?

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

*

காலையிலேயே கொழும்பில் இருந்து பிரசாந் தொலைபேசியில் கூப்பிட்டான். சின்ன வயதில் லெவ்வையை வாசித்து வளர்ந்து, இப்போது ஒரு பதிப்பகத்தில் புத்தகம் போடுகிறவன். லெவ்வை பிறந்து இருபத்தைந்து வருடமாகிறது, வெள்ளிவிழாத் தொகுப்பு ஒன்று போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

"சேர், நல்ல கதைகளாத் தெரிஞ்செடுத்து இண்டைக்குப் பின்னேர பஸ்ஸில போட்டுவிடுங்க. அச்சகத்தில காத்துக்கொண்டு நிக்கிறாங்க."

"பாப்பம் தம்பி."

"பாப்பம் எண்டு சொல்லாதீங்க சேர். எதை விட்டாலும் கத்தம் கதைய விட்டுடாதீங்க. அது இல்லாம லெவ்வைத் தொகுப்பு வந்தா சனம் என்னைச் சும்மா விடாது."

ஜவுபர் "ஓம்" என்றார். யார் எதைக் கேட்டாலும் முதலில் வருவது அந்த ஓம்தான்.

மூலப் படங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆனால் நற்பிட்டிமுனையில் செல்லத்தங்கம் என்று ஒரு வாசகி இருந்தார். வயல் செய்கிற குடும்பம். வாராவாரம் லெவ்வை வந்த பக்கங்களை வெட்டி, கதை கதையாகத் தைத்து, நெல்லு மூட்டைகளுக்கு மேலே பலகையில் வைத்திருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடப்பது ஒரு சின்ன வீதி. அந்த வீதியைத் தமிழரும் முஸ்லிமும் கடக்காமல் இருந்த வருடங்களும் உண்டு. அப்போதும் அவர் அந்த இதழை யாரையாவது பிடித்து எடுப்பித்து வாசித்திருக்கிறார்.

ஜவுபர் சைக்கிளில் போனதும் அந்தத் தாள்கட்டைத் தூசு தட்டிக் கொடுத்தார் செல்லத்தங்கம்.

"தம்பி, மன்சூர் செத்தாலும் எனக்குக் கவலையில்ல. லெவ்வைய மட்டும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க."

"ஓம் அக்கா."

"உங்கட மச்சான்தானே அவர்? முந்தி ஒருக்கா கல்முனைச் சந்தையில கண்டு, லெவ்வை போறார் எண்டு பின்னால போயிட்டன். எப்பிடி இருக்கார் இப்ப?"

ஜவுபர் சைக்கிள் கரியரில் கயிற்றை இறுக்கினார்.

"இரிக்கார்" என்றார்.

பாருங்கள், இதைத்தான் சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம்கூட அவருக்கு இல்லை. வாயில் வேறு சொல் வராது, அவ்வளவுதான்.

*

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மனைவி மௌத்தாகிவிட்டால் ஆணுக்கு நிற்க ஒரு கூரை கிடையாது, சகோதரி வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஜவுபரும் அப்படித்தான் நஸீறாவின் வீட்டில் இருக்கிறார். சுனாமிக்குப் பிறகு வயல் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்ட வீடு. கடல் தெரியாது, சத்தம் மட்டும் சில நாள் கேட்கும்.

பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சரீபா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

ஜவுபருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. லெவ்வை தண்ணீருக்குள் விழாத கதைகளாகப் பொறுக்கி அனுப்பிவிட வேண்டும்.

"இத எடுப்பம். யானைக் கதை. காட்டுக்குள்ள நடக்கிறது."

சரீபா புரட்டினாள். "மாமா, யானை தும்பிக்கையால தூக்கிக் குளத்துக்குள்ள போடுது."

"அப்ப கொழும்புப் பயணம்? முழுக்க ரயிலுக்குள்ளதானே."

"இறங்கினாப்பிறகு வாவிக்குள்ள விழுகிறாரே!"

"மலையேறின கதை?"

"அருவி மாமா." சரீபாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மாலுமிட கூட்டாளியத் தண்ணி இல்லாமத் தேடினா எங்க போறது? வாப்பா இரிந்தா உங்களுக்கு நல்லாச் சொல்லுவார்."

ஜவுபரும் சிரிக்கப் பார்த்தார். எந்தக் கதையை எடுத்தாலும் அந்த மனிதர் விழுந்துகொண்டே இருந்தார். வாய் நிறையத் தண்ணீர், மேலே தூக்கிய இரண்டு கைகள். அடுத்த கட்டத்தில் மன்சூரின் கை வந்துவிடும். அப்போதெல்லாம் அந்தக் கையை வரைவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

நஸீறா கதையை வாசிக்கவில்லை. உடுப்புகளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க, இஸ்திரிப் பெட்டி சுட்ட சேட்டு. நான் சுட்டதையும் வரைஞ்சு ஊருக்கெல்லாம் காட்டிட்டீங்களே காக்கா." அடுத்ததை எடுத்தாள். "இது சரீபா பொறந்த கிழமை. தோளில கறை தெரியுது, புள்ள பால் சத்தி எடுத்த கறை. மாத்தாம வந்து இரிந்திரிக்கார்."

"உம்மா, இதில செருப்பு ரெண்டும் ரெண்டு சோடி."

"அது பள்ளியில மாறிப்போனது. ஒரு மாசமா அதோடதான் திரிஞ்சார்."

மற்றப் பெண்களுக்குப் போட்டோ அல்பம் இருக்கும். நஸீறாவின் அல்பங்களைக் கடல் கொண்டுபோனது. கணவரோடு வாழ்ந்த வாழ்க்கை எங்கோ ஒரு தமிழ் வீட்டில் நெல்லு மூட்டைக்கு மேலே பத்திரமாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு தாளையும் மடியில் வைத்துத் தடவி, "இதுவும் போகட்டும்" என்று ஒரு பக்கமாக அடுக்கினாள். தெரிந்தெடுக்கிற வேலையை அவள் இப்படித்தான் செய்தாள். நல்ல கதையா, கெட்ட கதையா என்று பார்க்கவே இல்லை.

கட்டின் அடியில் கத்தம் கதை இருந்தது.

வாசகர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். லெவ்வை கடலில் விழுகிறார், இந்த முறை மன்சூரின் கைக்கு அகப்படவில்லை. மௌத்து என்று ஊர் முடிவு கட்டி, அவருடைய வீட்டில் கத்தம் ஓதுகிறது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சகன் வைக்கிறார்கள். ஒரு சகனில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், ஓர் ஆள் குறைகிறது. கடைசிப் பக்கத்தில் ஈரம் சொட்டச் சொட்ட லெவ்வை உள்ளே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, "யார்ர கத்தம் மன்சூர்? இறைச்சி குறைவாக் கிடக்கே!" என்கிறார். சனம் வயிறு நோகச் சிரித்த கதை.

அந்தக் கடைசிப் பக்கம் இல்லை. கறையான் தின்றிருந்தது. ஐந்து பேர் இருந்த சகனோடு கதை நின்றது.

நஸீறா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மிச்சம் எங்க?"

"கறையான் உம்மா."

"அப்ப காக்கா வரைஞ்சு தரட்டும்."

ஜவுபர் தலையை ஆட்டினார். "ஏலா புள்ள. லெவ்வைய வரைஞ்சு எவ்வளவு காலம்? கையும் விறைச்சுப் போச்சு. இதை விட்டுட்டு வேற ஒண்டப் போடுவம்."

"நீங்கதானே பிரசாந்துக்கு ஓம் எண்டு சொன்னீங்க."

"சனத்துக்குத் தெரிஞ்ச கதைதானே. கடைசிப் பக்கம் இல்லாட்டியும் விளங்கும்."

"தெரிஞ்சவங்களுக்கு விளங்கும். புதுசா வாசிக்கிறவங்க? லெவ்வை மௌத்தாகிட்டார், கத்தமும் ஓதிட்டாங்க எண்டுதானே நினைப்பாங்க? அப்பிடி நினைக்கவே கூடாது காக்கா. மனிசன் வீட்ட வரணும். வந்தாத்தான் அது கதை."

ஜவுபரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ளுஹருக்கு நேரமாயிட்டு" என்று எழுந்து தொப்பியை எடுத்தார்.

*

அவர் பள்ளிக்குப் போன நேரத்தில் நஸீறா குசினியில் நின்று கச்சான் வறுத்தாள். சரீபா தோலைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, எல்லா உடுப்பும் படத்தில வந்திட்டு. மாமா ஒண்டையும் விடல்ல."

"ஒண்டு வரல்ல" என்றாள் நஸீறா. "உங்களுக்கும் சொன்னதில்ல மகள். அந்த வருசம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எண்டு மருதமுனையில ஒரு சாரன் நெய்விச்ச நான். கரையில மீன்முள்ளு மாதிரிப் போட்டுத் தாங்க எண்டு நானே சொல்லி, அது ஒண்டு மட்டும்தான் நெய்தாங்க. பெருநாளண்டைக்குக் குடுக்கணும் எண்டு, ஒருத்தருக்கும் காட்டாம அலுமாரிக்குள்ள சீலையால சுத்தி வெச்ச நான்."

"வாப்பாவுக்கும் தெரியாதா?"

"தெரியா. பெருநாளைக்கு முந்தியே கடல் வந்திட்டே. அலுமாரியும் போச்சு. அவர் வந்தா அதே மாதிரி இன்னொண்டு நெய்விக்கணும்."

சரீபா தோலை ஊதிவிட்டாள். வாப்பா வருவார் என்று அவள் நம்பவில்லை. அதை உம்மாவிடம் சொல்லுகிற தைரியம் அவளுக்கும் இல்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே வியாதி.

பள்ளியில் இருந்து திரும்பி வருகிற வழியெல்லாம் ஜவுபர் ஒரு வசனத்தைச் சரிசெய்துகொண்டு வந்தார். தங்கச்சி, மச்சானை நான் கண்ட நான். என்ர கையாலதான் அடக்கின நான். இவ்வளவுதான். படியேறும்போதே சொல்லிவிட வேண்டும், உட்காரக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது.

படியேறினார். சின்ன மேசையைத் துடைத்துத் தாள் வைத்திருந்தாள் நஸீறா. மை, தூரிகை, எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். எதிரே முகம்மது தம்பி உட்காருகிற மாதிரியே ஒரு பாய். பாயில் ஒரு தட்டில் சுடச்சுடக் கச்சான்.

"இரிங்க காக்கா" என்றாள். "அவர் இரிக்கிற இடத்தில நான் இரிக்கன். நீங்க வரையுங்க."

ஜவுபர் உட்கார்ந்தார். தண்ணீரும் கேட்டார்.

*

முதல் கோடு கோணலாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூக்கு வந்ததும் மிச்சம் தானாக வந்தது. நஸீறா கச்சானை உடைத்துக்கொண்டிருந்தாள், அந்த டிக் டிக் சத்தம் பழைய வெள்ளிக்கிழமைகளின் சத்தம். ஜவுபர் தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். தலையில் இருந்து சொட்டுகிற தண்ணீர். கையில் நனைந்த கச்சான் சுருள். இடது காலில் வளைந்த சின்னவிரல்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் ஜவுபர் சந்தோசமாக இருந்தார். மச்சான் வந்துகொண்டிருந்தார். மண்ணுக்குள் இருந்து அவரைத் தன் கையாலேயே தூக்கி எடுத்து வீட்டு வாசலில் நிறுத்துகிற மாதிரி இருந்தது. கை எதைப் போடுகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. கடைசியாகக் கண்டதை அந்தக் கை போட்டது. வேறு என்ன போடும்?

"முடிஞ்சிட்டு" என்று தாளை நீட்டினார்.

நஸீறா சிரித்துவிட்டாள். "அல்லாஹ்! அந்த முகம் அப்பிடியே இரிக்கி காக்கா. கண்ணப் பாருங்க. சோத்தப் பாத்த கண்." ஈர மையில் படாமல் விரலை முகத்தில் இருந்து கீழே கொண்டுவந்தாள். தோள், கச்சான் சுருள், மடி.

விரல் சாரனின் கரையில் நின்றது.

ஜவுபரும் அப்போதுதான் பார்த்தார். தாளின் கீழ்ப்பக்கம் முழுக்க, முள்ளு முள்ளாக, ஒரு கோடும் பிசகாமல் மீன்முள்ளுக் கரை.

"இந்தச் சாரன்..." என்றாள் நஸீறா.

ஜவுபருக்கு விளங்கவில்லை. "ஏன், பிழையா?"

"பிழையில்ல. சரியாத்தான் போட்டிரிக்கீங்க." அவள் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இது ஒண்டுதான் நெய்தது. நான் அலுமாரிக்குள்ள ஒளிச்சு வெச்ச நான். அவருக்கும் தெரியா, உங்களுக்கும் தெரியா. சம்மாந்துறைக்குப் போகக்குள்ள அவர்ர சாரன் எல்லாம் வாளிக்குள்ள ஊறப்போட்டபடி. தோச்சு வெக்க எனக்கு நேரமில்ல, ஓடிட்டன். உடுக்க ஒண்டும் இல்லாம மனிசன் அலுமாரியத் துறந்திரிப்பார். அண்டைக்குத்தான் உடுத்திரிக்கார். வேற ஒரு நாளும் உடுத்திரிக்க ஏலா."

வெளியே யாரோ கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்ப கண்டீங்க காக்கா?"

வழியெல்லாம் சரிசெய்த வசனத்தில் பாதிதான் வந்தது. "கண்ட நான் புள்ள" என்றார் ஜவுபர்.

"உசிரோடயா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. கண் ஒழுகியது.

நஸீறா அழுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் அழவில்லை. தாளை வாய்க்கு நேரே பிடித்து மெதுவாக ஊதினாள். மை காய வேண்டும் அல்லவா?

"உம்மா, ஓட்டோ வந்திட்டு! பஸ் போயிரும்!" சரீபா பர்தாவைச் சரிசெய்தபடி உள்ளே வந்தாள். "கடைசிப் பக்கம் நல்லா வந்திச்சா?"

"ஓம் மகள். நல்லா வந்திச்சு." கத்தம் கதையின் அடியில் அந்தத் தாளை வைத்து, மற்றக் கதைகளை மேலே அடுக்கி, கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். "மடிச்சிராதீங்க. மை இன்னும் சரியாக் காயல்ல."

"மாமா ஏன் அழுறார்?"

"கன காலத்துக்குப் பிறகு வரைஞ்சவர்தானே. போங்க, பஸ்ஸப் புடிங்க."

ஓட்டோ போகிற சத்தம் அடங்கும்வரை நஸீறா வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு பாயில், அவர் இருக்கிற இடத்தில், வந்து உட்கார்ந்தாள்.

"புத்தகத்திலயாவது வீட்ட வரட்டும்" என்றாள்.

ஜவுபர் மைப் போத்தலை மூடினார்.

"நான் உங்களோட சண்டைக்கு வரல்ல காக்கா. என்னத்துக்குச் சொல்லல்ல எண்டும் இப்ப கேக்கல்ல. ஒண்டுதான் கேக்கன். எங்க அடக்கினீங்க? எந்த மதிலோரம், எந்த மரத்துக்குக் கீழ? அந்தப் பக்கம் பாத்து இரிந்து ஒரு யாசீன் ஓதணும் எனக்கு. இடத்த மட்டும் சொல்லுங்க."

பெரிய குழி அது. யார் எங்கே என்று அடையாளம் வைக்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பிறகு மழை பெய்து, மண் இறங்கி, புல்லும் முளைத்து, எல்லாம் ஒரே சமதரையாகிவிட்டது.

நஸீறா பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்த இடம் ஜவுபருக்கும் தெரியாது.